போர்க்கதையும் வளர்ந்த கதையும்: சனிக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆங்கில நாவல் வகுப்பு நடத்துகிறேன். படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகள் பதினான்கு பேர். பாதிப் பேர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள். எட்டு வருஷமாக அதே கேள்விகள்தான் வருகின்றன. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக் கை ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், இது எஸ்பிஎம்ல வருமா வராதா? முதல்ல அதச் சொல்லுங்க.

எஸ்பிஎம், அதாவது படிவம் ஐந்து முடிவில் வரும் அரசுத் தேர்வில், எல்லாரும் எழுத வேண்டிய ஆங்கிலப் பாடம் 1119. அதில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள் உண்டு. 'இந்த நாவலில் இவன் ஏன் இப்படிச் செய்தான்' என்ற மாதிரிக் கேள்வியை அங்கே தேடாதீர்கள். அது ஆங்கில இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுப்பவர்களுக்கு. அவர்களுக்கும் நூல் பட்டியல் அவ்வப்போது மாறும். நீங்கள் தேர்வு எழுதப்போகும் ஆண்டின் பட்டியலைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். அண்ணன் விட்டுப்போன பழைய புத்தகத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். போன வருஷம் ஒரு பையன் அப்படித்தான் மூன்று மாதத்தை வீணாக்கினான்.

என் வகுப்பில் படிப்பது அந்தப் பட்டியல் இல்லை. முழு நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆங்கிலத்தில் படித்து முடிக்கிற பழக்கம் வர வேண்டும் என்பதற்காக நானே தேர்ந்தெடுத்தவை. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் 1119-இன் வாசிப்புத் தாள் பயமுறுத்தாது. அதற்கு மேல் நான் எந்த வாக்கும் கொடுப்பதில்லை.

அப்போ என்னென்ன புத்தகம்?

ஐந்து. ஸ்டீபன் கிரேனின் 'த ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' (1895), எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் குவைட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரண்ட்' (1929), வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்' (1954), ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960), கே. எஸ். மணியத்தின் 'த ரிட்டர்ன்' (1981). முதல் இரண்டும் போர்க்கதை, கடைசி இரண்டும் ஒரு பிள்ளை வளர்ந்த கதை. நடுவில் இருக்கிற கோல்டிங் எந்தப் பக்கம் என்று கீழே தனியாகக் கேட்டிருக்கிறார்கள்.

கிரேனின் நாவலுக்கு இப்போது பதிப்புரிமை இல்லை, குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். மற்றவற்றுக்கு ஈப்போ துன் ரசாக் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் என்னிடம் இரண்டிரண்டு பிரதி இருக்கிறது. சம்பல் கறை படாமல் திருப்பித் தர வேண்டும்.

நான் தமிழ்ப்பள்ளியில படிச்சவன், ரிமூவ் கிளாஸ் (புகுமுக வகுப்பு) எல்லாம் போயிட்டுதான் படிவம் ஒண்ணுக்கு வந்தேன். எனக்கு இதெல்லாம் புரியுமா?

புரியும். 'ஆல் குவைட்' ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட நாவல். இங்கிலாந்துக்காரனும் அதை மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறான். வாக்கியங்கள் சின்னதாக, நேராக இருக்கும். அதனால்தான் வரிசைப்படி கிரேன் முதலில் வந்தாலும் நான் 'ஆல் குவைட்'டிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிரேனும் லீயும் பேச்சு வழக்கை அப்படியே எழுத்தில் போடுவார்கள். அமெரிக்கக் கிராமத்துப் பேச்சு, எழுத்துக்கூட்டலே உடைந்து கிடக்கும். அதைக் கண்ணால் படித்தால் தலை வலிக்கும், வாய்விட்டுப் படித்தால் பாதி தானாகப் பிடிபடும்.

அகராதி விஷயத்தில் என் கணக்கு, ஒரு பக்கத்துக்கு மூன்று சொல். அதற்கு மேல் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டிருந்தால் கதை கையை விட்டுப் போய்விடும். பத்துப் பக்கம் படித்து முடித்ததும் என்ன நடந்தது என்று வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

படம்தான் இருக்கே டீச்சர், அதைப் பாத்துட்டு வந்தா போதாதா?

'ஆல் குவைட்' 1930-இலும் 1979-இலும் 2022-இலும் படமாக வந்தது. நீங்கள் பார்த்திருப்பது 2022 படம். அதை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். போர்நிறுத்தத்துக்காக ரயில் பெட்டியில் உட்கார்ந்து பேரம் பேசும் காட்சிகள் நாவலில் கிடையாது. கதையின் நாயகன் பால், முதல் உலகப் போரில் சண்டை போடும் ஜெர்மன் சிப்பாய். படத்தில் அவன் போர் முடிகிற நாளன்று, 1918 நவம்பர் 11-ஆம் தேதி, கடைசி நேரத் தாக்குதலில் சாகிறான். நாவலில் அவன் சாவது அக்டோபரில், ஒன்றுமே நடக்காத ஒரு நாளில்.

அதைவிடப் பெரிய குறை, பால் விடுப்பில் ஊருக்குப் போய் வருகிற பகுதி 2022 படத்தில் இல்லாமலே போனது. என்னைக் கேட்டால் அந்த நாவலின் உயிரே அந்தப் பகுதிதான். ஏன் என்று சயாம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

போர்க்கதைன்னு சொன்னீங்க, சண்டையே கொஞ்சந்தான் வருது. எப்பப் பாத்தாலும் சாப்பாடு, பூட்ஸ்னு பேசிக்கிட்டு இருக்காங்க.

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். முதல் அத்தியாயத்தில் சமையல்காரர் நூற்றைம்பது பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறார், திரும்பி வந்தது எண்பது பேர். வந்தவர்களுக்கு ஆளுக்கு இரட்டைப் பங்கு. வயிறு நிறைந்து சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்த மீதிச் சோறு யாருடைய பங்கு என்று யாரும் சொல்வதில்லை, நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும். பீரங்கிச் சத்தத்தை இருபது பக்கம் எழுதினாலும் இந்தச் சட்டிச் சோறு சொல்வதைச் சொல்ல முடியாது.

பூட்ஸும் அப்படித்தான். கெம்மெரிக் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவனிடம் மஞ்சள் தோலில் நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது. கூடப் படித்த முல்லர் அதன் மேல் கண் வைக்கிறான். கெம்மெரிக் செத்ததும் பூட்ஸ் முல்லருக்குப் போகிறது, முல்லர் செத்ததும் பாலுக்கு வருகிறது. தனக்குப் பிறகு அது யாருக்கு என்று பால் அப்போதே சொல்லி வைத்துவிடுகிறான். படிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்து, பூட்ஸ் வருகிற பக்கத்தில் எல்லாம் ஓரத்தில் கோடு போட்டு வாருங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும், பூட்ஸ் மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

ஹென்றி பயந்து ஓடிட்டான். அவன் எப்படி டீச்சர் ஹீரோ?

கிரேனின் நாவலில் ஹென்றி ஃபிளெமிங் முதல் தாக்குதலைச் சமாளித்துவிடுகிறான், இரண்டாவது தாக்குதலில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். அப்புறம் தலையில் காயத்தோடு திரும்பி வருகிறான். கூட்டாளிகள் குண்டு உரசியது என்று நினைத்துக் கட்டுப் போடுகிறார்கள். உண்மையில் அவனைப் போலவே பயந்து ஓடிக்கொண்டிருந்த, அவனுடைய சொந்தப் படைச் சிப்பாய் ஒருவன்தான் துப்பாக்கியால் தலையில் அடித்திருக்கிறான். தலைப்பில் வருகிற வீரத்தின் சிவப்புப் பதக்கம் அந்தக் காயம்தான். அதாவது பதக்கமே பொய். மறுநாள் அவன் நிஜமாகவே தைரியமாகச் சண்டை போடுகிறான். அது பொய்யை மறைக்கவா, பொய்யை மெய்யாக்கவா என்று கிரேன் தீர்ப்புச் சொல்வதில்லை. வகுப்பில் இந்த ஒரு கேள்விக்கே ஒரு சனிக்கிழமை போய்விடும்.

அந்த கிரேன் போருக்கே போகலையாமே. போகாம எழுதினா அது பொய்தானே?

போகவில்லைதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது, கிரேன் பிறந்தது 1871-இல். புத்தகம் வந்த பிறகுதான் செய்தியாளராகப் போய்ப் போரைக் கண்ணால் பார்த்தார். 1900-இல், இருபத்தெட்டு வயதில் இறந்தும்விட்டார். ரெமார்க் பதினெட்டு வயதில் படைக்கு அழைக்கப்பட்டு, 1917-இல் குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். கோல்டிங் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர், பள்ளி ஆசிரியரும்கூட. பையன்களைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

போனவர் எழுதினால் உண்மை, போகாதவர் எழுதினால் பொய் என்று நாவலை அளக்க முடியாது. ஓடலாமா நிற்கலாமா என்று ஒருவன் மனசுக்குள் தடுமாறுவது போரில் மட்டும் நடப்பதில்லை. பள்ளிக்குப் பின்னால் நண்பனை நாலு பேர் அடிக்கும்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிரேன் தனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினார்.

வளர்ந்த கதைன்னா என்ன? எல்லாக் கதையிலயும் பையன் வளரத்தானே செய்றான்?

வயது ஏறினால் மட்டும் போதாது. ஏதோ ஒன்று தெரியவந்து, தெரிந்த பிறகு பழைய பிள்ளையாகத் திரும்பிப் போக முடியாமல் ஆகிவிட வேண்டும். 'மாக்கிங்பேர்ட்'டில் ஸ்கவுட்டுக்கு ஆரம்பத்தில் ஆறு வயதுகூட நிரம்பவில்லை, முடிவில் ஒன்பதை நெருங்குகிறாள். மூன்று வருஷம்தான். அதற்குள், குற்றம் செய்யாத கறுப்பினத்து டாம் ராபின்சனை, தன் அப்பா அத்தனை வாதாடியும் ஊர்க்காரர்கள் உட்கார்ந்த ஜூரி குற்றவாளி என்று சொன்னதைப் பார்த்துவிட்டாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதையைச் சொல்வது பெரியவளாகிவிட்ட ஸ்கவுட். பார்க்கிற கண் சின்னப் பிள்ளையுடையது, சொல்கிற வாய் பெரியவளுடையது. எந்த வரியில் எது பேசுகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் அந்த நாவல் பாதி திறந்துவிடும். ரவி கதை சொல்கிற 'த ரிட்டர்ன்'னுக்கும் இதே சாவிதான்.

மணியம் நம்ம ஆளுதானே? அவரு ஏன் இங்கிலீஷ்ல எழுதினாரு?

நம்ம ஆள்தான். 1942-இல் கெடா பீடோங்கில் பிறந்தவர். அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை பார்த்தார். மணியம் ஆங்கிலப் பள்ளியில் படித்து, இங்கிலாந்துக்குப் போய் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்து, பின்னால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2020-இல் காலமானார். 'த ரிட்டர்ன்' ஒரு காலத்தில் நம் இடைநிலைப்பள்ளிகளில் பாடமாகவும் இருந்தது.

ஏன் ஆங்கிலம் என்பதற்கு நாவலே பதில். பாட்டி பெரியாத்தாள் தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்து இறங்குகிறாள். பேரன் ரவி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். ஒவ்வொரு ஆங்கிலச் சொல் ஏற ஏற வீட்டுக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் அடி தூரம் கூடுகிறது. அந்தத் தூரத்தை அந்த மொழியிலேயே எழுதியிருக்கிறார். பாட்டியும் அப்பாவும் இந்த மண்ணில் ஒரு வீட்டை ஊன்றப் படுகிற பாட்டை, தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையே இருந்ததில்லை.

எங்க தாத்தா சயாம் ரயில் போடப் போனவரு. அந்தக் கதையெல்லாம் விட்டுட்டு எதுக்கு ஜெர்மன்காரன் கதை?

இதைக் கேட்ட பையன் கோபமாகவே கேட்டான். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில், 1942-43-இல், சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். ஆசை காட்டியும் கூட்டிப்போனார்கள், பிடித்தும் போனார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் போனவர்கள் போக, மிச்சம் பேர்தான் திரும்பினார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசை இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பெயராக வரிசை இல்லை. தமிழில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அதை அவசியம் படியுங்கள். அது தமிழ் நாவல் என்பதால்தான் இந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் அந்தப் பையனிடம் நான் திருப்பிக் கேட்டது, 'தாத்தா உன்னிடம் என்ன சொன்னார்?' ஒன்றும் சொன்னதில்லை என்றான். அவனுடைய அப்பாவிடமும் சொன்னதில்லையாம். முதலில் சொன்ன விடுப்புப் பகுதிக்கு இப்போது வாருங்கள். பால் ஊருக்கு வருகிறான். அப்பா போர்க்கதை கேட்க ஆசைப்படுகிறார், பாலுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா, அங்கே ரொம்பக் கஷ்டமா என்று கேட்கிறாள், அப்படியெல்லாம் இல்லை என்கிறான். தான் படித்த புத்தகங்கள் அடுக்கியிருக்கிற தன் அறையில் உட்கார்ந்து பார்க்கிறான், ஒரு புத்தகமும் அவனோடு பேசவில்லை. அதைப் படித்த அடுத்த வாரம் அந்தப் பையன் வீட்டில் பாட்டியிடம் போய், தாத்தா திரும்பி வந்த அன்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறான். போரைப் பற்றிக் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறான். மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்தார்களாம். அவர் தின்னாமல் மடியில் கட்டிக்கொண்டு தூங்கினாராம். இது அவன் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்த ஒரு பக்கத்தில் இருந்தது. இலக்கணப் பிழை பதினொன்று. ஒன்றைக்கூட நான் அன்று திருத்தவில்லை.

நம் ஊருக்கே ஒரு கதை இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் அதிலிருந்து ஆரம்பித்து 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அதைப் பார்த்தவர்கள் வீட்டில் யாராவது மிச்சம் இருந்தால் சீக்கிரம் கேளுங்கள்.

சாவு கதையா குடுத்துப் பிள்ளைய பயமுறுத்துறீங்களே டீச்சர்?

ஓர் அம்மா கேட்டது. அவர் மகன் கைப்பேசியில் விளையாடுகிற விளையாட்டில் நிமிஷத்துக்கு நாலு பேர் சாகிறார்கள். 'ஆல் குவைட்' நாவலில் ஒருவன் சாக ஒரு முழு அத்தியாயம் ஆகிறது. அந்த அம்மாவிடம் முதல் அத்தியாயத்தை நானே தமிழில் சொல்லிக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, அந்த ரெட்டைச் சோறு மனசை என்னவோ செய்கிறது என்றார்.

'லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்' போர்க்கதையா, வளர்ந்த கதையா? ஒரே பதிலாச் சொல்லுங்க.

ஒரே பதிலாக வராது. வெளியே அணுகுண்டுப் போர் நடக்கிறது. அதிலிருந்து தப்பிக்க வைத்த பையன்கள்தான் தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் பூதம் என்று பயப்படுவது, சண்டையில் செத்துப் பாராசூட்டில் வந்து விழுந்த ஒரு மனிதனின் பிணம். முடிவில் காப்பாற்ற வருகிற அதிகாரியும் போர்க்கப்பலில்தான் வருகிறார். பையன்கள் தலைவனாகத் தேர்ந்தெடுத்த ரால்ஃப் அவர் முன்னால் நின்று அழுகிறான். அழுகிற அந்த இடத்தில் அவன் வளர்ந்துவிட்டான். ஆனால் அவன் போய்ச் சேரப்போகிற பெரியவர்களின் உலகமும் தீவில் நடந்ததையேதான் பெரிய அளவில் நடத்திக்கொண்டிருக்கிறது. கட்டுரையில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு மற்றதை மறுக்காமல் எழுதுங்கள்.

இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் கண்டுபிடிக்கிற ஒரு பிழையும் உண்டு. தீவில் பையன்கள் தீ மூட்டுவது பிகி என்ற பையனின் கண்ணாடியால். பிகிக்குக் கிட்டப்பார்வை. அவன் கண்ணாடி குழிவில்லை. அது வெயிலைக் குவிக்காது, சிதறத்தான் விடும். அதால் தீ மூட்ட முடியாது. கோல்டிங் கவனிக்காமல் விட்டார். உங்களுக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் இதைக் கட்டுரையின் மையக் கருத்தாக ஆக்கிவிடாதீர்கள்.

'மாக்கிங்பேர்ட்'ல கறுப்பினத்தவர சொல்ற அந்த வார்த்தைய வகுப்புல சத்தமா படிக்கலாமா? நம்மளயும் இங்க ஒரு வார்த்தை சொல்வாங்களே.

என் வகுப்பில் சத்தமாகப் படிப்பதில்லை. அந்த இடம் வந்தால் ஒரு நொடி நிறுத்தி, தாண்டிப் போகிறோம். புத்தகத்தில் அழிப்பதும் இல்லை. 1930-களின் அலபாமாவில் அந்தச் சொல்லை யார் யாரிடம் எவ்வளவு சுலபமாகச் சொன்னார்கள் என்பது கதைக்கு வேண்டும். நீங்கள் சொல்கிற அந்த இன்னொரு வார்த்தையை என்னையும் பள்ளி வயதில் சொல்லியிருக்கிறார்கள். கிண்டலாகச் சொல்லிவிட்டு, விளையாட்டுக்குத்தானே என்றார்கள்.

இதோடு சேர்த்து ஒரு கடினமான கேள்வியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கவுட்டின் அப்பா அட்டிகஸ் நல்லவர், சரி. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே டாம் எவ்வளவு பேசுகிறான்? வீட்டில் சமைக்கிற கல்பூர்னியா மனசில் என்ன நினைத்தாள் என்று நமக்குத் தெரிகிறதா? அநியாயம் ஒருவருக்கு, கதை இன்னொருவருடையது. இதைச் சொல்வதால் நாவல் மட்டமாகிவிடாது. நன்றாகப் படித்தவர்தான் இதைக் கேட்க முடியும்.

கதை முழுசும் தெரியும், எழுதவும் எழுதினேன். மார்க்தான் வரல.

கதையை எழுதியதால்தான் வரவில்லை. திருத்துகிறவருக்குக் கதை தெரியும். முல்லர் பூட்ஸைக் கேட்டான், பிறகு வாங்கிக்கொண்டான் என்பது கதை. முல்லர் கெட்டவன் என்பது அவசரத் தீர்ப்பு. முல்லருக்குக் கெம்மெரிக் மேல் பாசம் இல்லாமல் இல்லை, கால் போனவனுக்கு உதவாத பூட்ஸ் இருப்பவனுக்கு உதவும் என்று கணக்குப் போடப் போர் அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது, பாலே அவனைக் குறை சொல்லவில்லை என்று எழுதினால் அது வாதம். மார்க் அதற்குத்தான். கடையில் விற்கிற குறிப்புப் புத்தகத்தில் இந்த வரி இருக்காது, உங்கள் பென்சில் கோட்டில் இருக்கும்.

பால் தானே 'நான் நான்'னு கதை சொல்றான். அவன் செத்தப்புறம் கடைசியில எழுதுறது யாரு?

எட்டு வருஷத்தில் இரண்டே பேர் கேட்ட கேள்வி. முழுப் புத்தகமும் 'நான்' என்று போகிறது. பால் பேசி முடித்த பிறகு ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் இரண்டு குட்டிப் பத்தி. அதில் 'நான்' இல்லை, 'அவன்'தான். யார் என்று ரெமார்க் சொல்வதில்லை. அன்றைக்குப் படையின் அறிக்கையில் முனையில் எல்லாம் அமைதி என்ற ஒரு வரிதான் இருந்தது என்று அந்தக் குரல் சொல்கிறது. ஆங்கிலத் தலைப்பும் அங்கிருந்துதான்.

ஸ்கவுட்டும் ரவியும் வளர்ந்து முடித்துவிட்டு உட்கார்ந்து கதை சொல்கிறார்கள். பாலுக்கு அப்படித் திரும்பிப் பார்க்கிற வயதே வரவில்லை. அவன் சொன்னதெல்லாம் அப்போதைக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளி வருகிற பக்கத்தை வகுப்பில் நான் படிப்பதில்லை, வரிசையில் யார் முறையோ அவர்கள் படிப்பார்கள். 'நான்' 'அவன்' ஆவதைக் கவனிக்காமல் வேகமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடப்போகிற பிள்ளை, பாதியில் நிறுத்திவிட்டு மேல் பத்திக்குத் திரும்பும்.